இரண்டாம் வகுப்புக் குளம்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், தெற்குப் பக்கம், பால்சால் ஹீத் என்றொரு பகுதி. அதன் வழியே போகும் மோஸ்லி சாலையில் சிவப்புச் செங்கல்லும் சுடுமண் அலங்காரமுமாக ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் அது ஒட்டிக் கட்டிய இரண்டு கட்டடம். ஒரு பாதி நூலகம். அதன் தலையில் மணிக்கூண்டு. மறு பாதி பொதுக் குளியல் கூடம். அந்தப் பாதிக்கு மட்டும் மூன்று வாசல்கள். வாசல்களுக்கு மேலே சுவரோடு சுவராக எழுத்து பதித்திருக்கிறார்கள்: ஆண்கள் முதல் வகுப்பு, ஆண்கள் இரண்டாம் வகுப்பு, பெண்கள்.

வாசலை வைத்து ஆளின் தரத்தைச் சொல்லும் பழக்கத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே வேடிக்கை வேறு. உள்ளே இரண்டு நீச்சல் குளங்கள். மூன்று பக்கம் பார்வையாளர் மாடம் வைத்து, போட்டி நடத்துவதற்கென்று தடபுடலாகக் கட்டியது முதல் வகுப்புக் குளம். அதை 2003-இல் மூடிவிட்டார்கள். அலங்காரம் குறைந்த இரண்டாம் வகுப்புக் குளத்தில் ஜனங்கள் அப்புறமும் ஆண்டுக்கணக்கில் நீந்திக்கொண்டிருந்தார்கள். இந்தக் கட்டடம் மொத்தமும் இடிபடாமல் தப்பியதற்கு அந்தக் கீழ்வகுப்புப் பக்கம்தான் காரணம் என்பது என் கட்சி. அது ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1832-இல் லிவர்பூலில் காலரா பரவியது. துறைமுக ஊர், நெருக்கமான சந்துகள், தண்ணீருக்கே தட்டுப்பாடு. அங்கே கிட்டி வில்கின்சன் என்றொரு தொழிலாளிப் பெண் இருந்தார். அயர்லாந்தில் பிறந்து சின்ன வயதிலேயே லிவர்பூலுக்கு வந்தவர். அவர் தெருவில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கொப்பரை அவர் வீட்டில்தான் இருந்தது. நோய் கண்ட வீடுகளின் துணியையும் படுக்கை விரிப்பையும் அங்கே கொண்டுவந்து வெளுத்துக்கொள்ளச் சொன்னார். வெந்நீரோடு சுண்ணாம்புக் குளோரைடும் சேர்த்தார்கள். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று அன்றைக்கு மருத்துவர்களுக்கே தெரியாது. ஆனாலும் வெளுத்த துணிக்கும் பிழைத்த உயிருக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது ஊருக்குப் பிடிபட்டது. பத்து ஆண்டு கழித்து, 1842-இல், லிவர்பூல் நகராட்சி குளியலும் சலவையும் சேர்ந்த பொதுக்கூடம் ஒன்றைத் திறந்தது. பின்னால் கிட்டியும் அவர் கணவரும் அங்கே மேற்பார்வையாளர்களாக வேலைக்குச் சேர்ந்தார்கள்.

1846-இல் நாடாளுமன்றம் பொதுக் குளியல், சலவைக் கூடங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டது. கட்டாயம் கிடையாது, விருப்பமுள்ள ஊர்கள் உள்ளூர் வரிப்பணத்தில் கட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் அதில் இரண்டு நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. தொழிலாளர்களுக்கான குளியலுக்குக் கட்டண வரம்பு உண்டு: பச்சைத் தண்ணீருக்கு ஒரு பென்னி, வெந்நீருக்கு இரண்டு பென்னி, துண்டும் சேர்த்து. இன்னொன்று, மேல்வகுப்புக்கு எத்தனை குளியல் கட்டினாலும் அதைப்போல் இரண்டு மடங்காவது தொழிலாளர்களுக்குக் கட்டியாக வேண்டும். ஆக, வகுப்புப் பிரிவினை சட்டத்திலேயே எழுதி வைத்ததுதான். கூடவே, வசதியானவர்களுக்கு மட்டும் பளிங்கு போட்டுவிட்டு 'பொதுக் குளியல் கூடம்' என்று கணக்குக் காட்டும் வழியையும் அந்தச் சட்டமே அடைத்துவிட்டது.

சட்டம் கட்டண வரம்பு போட்டதே தவிர, எந்த வகுப்புக்கு எந்தத் தண்ணீர் என்பதை ஊரூருக்கு விட்டுவிட்டது. மான்செஸ்டரில் 1906-இல் திறந்த விக்டோரியா குளியல் கூடத்தில் மூன்று குளங்கள். புதுத் தண்ணீர் முதலில் ஆண்கள் முதல் வகுப்புக்குப் போகும். அவர்கள் நீந்தி முடித்த தண்ணீர் ஆண்கள் இரண்டாம் வகுப்புக்கு. அவர்களும் முடித்த பிறகு பெண்கள் குளத்துக்கு. நீரைச் சுழற்றி வடிகட்டும் இயந்திரம் பரவலாக வருவதற்கு முன்னால் குளத்தை நிரப்புவதும் சில நாள் கழித்துத் திறந்து விடுவதும்தான் வழக்கம். அதனால் எந்தக் கிழமை வருகிறோம் என்பதும் முக்கியம். கலங்கிய நாட்களில் கட்டணம் குறைவாக வைத்த ஊர்களும் உண்டு.

நூலகத்தின் கதையும் கிட்டத்தட்ட இதே தடத்தில் போகிறது. 1850-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர், வரி கட்டுவோரிடம் வாக்கெடுப்பு நடத்தி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற்றால், சொத்து மதிப்பில் பவுனுக்கு அரை பென்னி வரி போடலாம். அந்தக் காசில் கட்டடம் கட்டலாம், ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம். புத்தகம் வாங்கக் கூடாது! புத்தகத்தை யாராவது புண்ணியவான் நன்கொடையாகத் தருவார் என்று நாடாளுமன்றம் நினைத்தது போலிருக்கிறது. 1855-இல் அதைத் திருத்தி ஒரு பென்னியாக்கி, புத்தகமும் வாங்கலாம் என்றார்கள். பர்மிங்காமில் 1852-இல் நடந்த வாக்கெடுப்பில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. 1860-இல்தான் ஊர் சம்மதித்தது. ஒரு பென்னி கூடுதல் வரி என்றால் வீட்டுச் சொந்தக்காரர் முகம் சுளிப்பது எந்த ஊரிலும் உள்ளதுதானே.

(இந்த ஒரு பென்னி வரி நம் பக்கமும் வந்து சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி ரங்கநாதன் 1924-இல் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். அங்கே உள்ளூர் வரியில் நடக்கும் பொது நூலகங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து அவர் கால் நூற்றாண்டு விடாமல் வலியுறுத்தியதன் பலன் 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டம். தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒன்று சேர்ந்து வருகிறதே, அதன் தாத்தா இந்த பென்னிதான்.)

சரி, பால்சால் ஹீத்துக்கு வருவோம்.

1891 வரை அது பர்மிங்காமே இல்லை. வூஸ்டர்ஷயர் மாவட்டத்தின் கிங்ஸ் நார்ட்டன் வட்டத்தைச் சேர்ந்த, தனி உள்ளூர் நிர்வாகம் உள்ள ஒரு குடியிருப்பு. பக்கத்தில் பர்மிங்காமோ ஊதிப் பெருத்துக்கொண்டிருந்தது. ஜோசப் சேம்பர்லேன் 1873 முதல் 1876 வரை மேயராக இருந்து எரிவாயு நிறுவனங்களையும் குடிநீர் நிறுவனத்தையும் நகராட்சிக்கு வாங்கியிருந்தார். நகராட்சி என்றால் குப்பை அள்ளுவது மட்டும் இல்லை, வெளிச்சமும் தண்ணீரும் படிப்பும் அதன் பொறுப்பு என்ற எண்ணம் அந்த ஊரில் ஒரு மதம் மாதிரியே பரவியிருந்தது. அப்படிப்பட்ட நகரம் சுற்றுப்புற ஊர்களைச் சேர்த்துக்கொள்ளக் கிளம்பியது. 1891-இல் சால்ட்லி, ஹார்போர்ன், வார்டு எண்ட் ஆகியவற்றோடு பால்சால் ஹீத்தும் சேர்ந்தது.

சும்மா சேரவில்லை. சேர்ந்தால் நூலகமும் குளியல் கூடமும் கட்டித் தருகிறோம் என்று நகரம் வாக்குக் கொடுத்தது. பொண்ணு கொடுக்கிற வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு பேச்சு. கல்யாணம் 1891-இல் முடிந்தது. நூலகம் நான்கு ஆண்டில், 1895-இல் எழுந்தது. ஜெத்ரோ காசின்ஸ், பீக்காக் இருவரும் சேர்ந்த நிறுவனத்தின் வடிவமைப்பு. குளியல் கூடம் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. வில்லியம் ஹேலும் அவர் மகனும் வடிவமைத்த கூடத்தின் கதவு 1907 அக்டோபர் 30 அன்றுதான் திறந்தது. வாக்குக் கொடுத்த வருடத்தில் பிறந்த குழந்தைக்கு அப்போது பதினாறு வயது.

நூலகம் முந்தியதற்கும் குளியல் கூடம் பிந்தியதற்கும் செலவுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நூலகத்துக்கு ஒரு கூடம், அலமாரி, விளக்கு போதும். குளியல் கூடத்துக்குக் கொதிகலன், புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, பூமிக்கடியில் குழாய்கள், சலவை அறை, எந்நேரமும் நிலக்கரி, எந்நேரமும் ஆள். அதோடு அந்த ஆண்டுகளில் பர்மிங்காம் தண்ணீருக்கே பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தது. வேல்ஸின் ஈலான் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டி, 73 மைல் தூரம் கால்வாயும் குழாயுமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஏழாம் எட்வர்டு மன்னர் 1904-இல் அதைத் திறந்து வைத்தார். மூன்று ஆண்டு கழித்துத்தான் மோஸ்லி சாலையில் குளம் நிறைந்தது.

தாமதமானாலும் கட்டியதில் கஞ்சத்தனம் இல்லை. முகப்பில் நகரின் சின்னம். உள்ளே டிக்கெட் கொடுக்க ஓக் மரத்தில் கடைந்த கூண்டு. சலவை அறையில் நீராவிச் சூட்டில் துணி உலர்த்தும் இழுப்புச் சட்டங்கள். துண்டையும் நீச்சல் உடையையும் கூடமே வாடகைக்குக் கொடுத்ததால் ஒவ்வொரு நாளும் ஈரத்துணி மலையாகக் குவியும். அப்படிப்பட்ட உலர்த்திகளை இன்று பிரிட்டனில் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது.

ஆனால் கட்டடத்தின் உயிர் குளங்களில் இல்லை, 46 குளியலறைகளில் இருந்தது. ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்லிப்பர் பாத்' என்று பெயர். ஒருவர் மட்டும் சாய்ந்து படுத்துக் குளிக்கும் தொட்டி. ஆரம்பகாலத் தொட்டிகள் முன்பாதி மூடி, செருப்பு வடிவத்தில் இருந்ததால் வந்த பெயர். பின்னால் தொட்டி சாதாரண வடிவத்துக்கு வந்துவிட்டது, செருப்பு மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்துப் பொதுக் குளியலறைகளில் குழாயின் திருகு பெரும்பாலும் கதவுக்கு வெளியே, ஊழியர் கையில் இருக்கும். காசைக் கொடுத்து, துண்டையும் சோப்பையும் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஊழியர் அளவாகத் தண்ணீர் விடுவார். ஆறிப்போனால் உள்ளேயிருந்து "ஒன்பதாம் நம்பருக்கு இன்னும் கொஞ்சம் வெந்நீர்!" என்று குரல் கொடுக்க வேண்டும். பக்கத்து அறைக்காரன் குறும்பாக அதே நம்பரைச் சொல்லிக் கத்தினால் உங்கள் கால் வெந்துவிடும். வெளியே வரிசை நின்றால் ஊழியர் கதவைத் தட்டுவார்.

இதையெல்லாம் இன்று கேட்கும்போது ஏதோ பழங்கதை போலத் தோன்றும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்துத் தொழிலாளர் வீடுகள் பலவற்றில் குளியலறை கிடையாது. கணப்பின் முன்னால் தகரத் தொட்டியை இழுத்துப் போட்டு, கெட்டில் கெட்டிலாகக் காய்ச்சி ஊற்றி, அதே தண்ணீரில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று வரிசையாகக் குளிப்பார்கள். கடைசிப் பிள்ளையின் நிலைமை மான்செஸ்டரின் பெண்கள் குளம் மாதிரிதான். அப்படிப்பட்டவர்களுக்கு, பூட்டிய கதவுக்குப் பின்னால், நிறையச் சுடுதண்ணீரில், தனியாக அரைமணி நேரம் என்பது வாரத்தில் ஒரு திருவிழா.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாடெங்கும் பழைய வீடுகளை இடித்துக் குளியலறையோடு புது வீடு கட்டினார்கள். பொதுக் குளியலறைகளுக்குக் கூட்டம் குறைந்தது. ஊர் ஊராக அவற்றைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் உடற்பயிற்சிக் கூடமோ நீராவிக் குளியலோ வைத்தார்கள். அல்லது கட்டடத்தையே இடித்துவிட்டு, கண்ணாடியும் பிளாஸ்டிக் சறுக்குமாகப் புதுக் குளம் கட்டினார்கள். பால்சால் ஹீத்தில் அது நடக்கவில்லை. காரணம் பாரம்பரியப் பற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வசதி குறைந்த பகுதி. ஒரு வீட்டை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்ட பகுதி. முதலில் அயர்லாந்துக்காரர்கள், அப்புறம் கரீபியன் தீவுகளிலிருந்தும் பாகிஸ்தான், இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் அந்த அறைகளில் தங்கினார்கள். பட்டறைகளிலும் வார்ப்பாலைகளிலும் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு மோஸ்லி சாலைத் தொட்டிகள் தேவைப்பட்டன. சட்டியில் சமைத்து அதே சட்டியோடு பரிமாறும் பர்மிங்காமின் 'பால்ட்டி' கறி பிறந்த தெருக்களும் இந்த வட்டாரம்தான். தேவை இருந்ததால் அறைகள் திறந்திருந்தன; மாற்றிக் கட்டப் பணம் இல்லாததால் அப்படியே இருந்தன. அந்த 46 அறைகளை மூடியது 2004-இல். எல்லோர் கையிலும் கைப்பேசி வந்துவிட்ட காலம் அது.

அதே 2004-இல் இன்னொன்றும் நடந்தது. 1982-இல் இரண்டாம் நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருந்த கட்டடத்தை அதற்கு மேல்நிலைக்கு உயர்த்தினார்கள். பிரிட்டனின் கணக்கில் அது 'நட்சத்திரம் போட்ட இரண்டாம் நிலை'. இங்கேயும் இரண்டு என்ற எண் விடவில்லை, பாருங்கள். மேல்நிலை கிடைத்ததற்கு அடிப்படை, வேறெங்கும் பெயர்த்தெறிந்த சாமான்கள் இங்கே வைத்த இடத்தில் வைத்தபடி இருந்ததுதான்: குளியலறை வரிசை, டிக்கெட் கூண்டு, உலர்த்திகள், குளத்தங்கரையில் உடை மாற்றும் சின்னச் சின்ன அறைகள். ஊரின் ஏழ்மை காப்பாற்றி வைத்ததை அரசு அலங்காரமாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டது.

பட்டியலில் ஏற்றினால் இடிக்க முடியாது. ஆனால் ஒழுகும் கூரையைப் பட்டியல் அடைத்துவிடாது. குளத்து ஈரமும் குளோரினும் இரும்பைத் தின்னும். முதல் வகுப்புக் குளத்தை 2003-இல் மூடியதே கட்டுமானம் பழுதுபட்டதால்தான். பக்கத்தில் ஸ்பார்க்ஹில் பகுதியில் புது நீச்சல் குளம் கட்டும் திட்டம் நகராட்சியிடம் இருந்தது. அது திறந்ததும் மோஸ்லி சாலையை மூடிவிடுவது என்று முடிவானது. கணக்குப் புத்தகத்தில் அது நியாயமான முடிவுதான். இருபது நிமிடப் பேருந்துத் தூரத்துக்குள் புதுக் குளம் இருக்கும்போது, நூறு வயதான கொதிகலன் அறையோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

உள்ளூர்க்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். குளியல் கூடத்தின் நண்பர்கள் என்று 2006-இல் ஒரு குழு சேர்ந்தது. பழைய நீச்சல்காரர்களிடம் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்தார்கள், கட்டடத்தைச் சுற்றிக்காட்டினார்கள், மனு போட்டார்கள். அந்தப் போராட்டத்தின்போது எடுத்த ஒரு புகைப்படம் பிரபலம்: தண்ணீரில்லாத முதல் வகுப்புக் குளத்துக்குள் நீச்சல் உடையில் ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக, அசையாமல், ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள். சீனாவில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த சுடுமண் படையைப் போல. தொந்தி, தளர்ந்த தோள், நரைத்த மார்பு எதையும் மறைக்காத படம். உலக நினைவுச்சின்ன நிதியம் 2016-க்கான தன் கவனப் பட்டியலில் இந்தக் கட்டடத்தைச் சேர்த்தது. அந்தப் பட்டியல் உலகம் முழுக்க ஆபத்திலிருக்கும் இடங்களுக்கானது. அதில் ஓர் உள்ளூர் நீச்சல் குளம் ஏறியது எனக்கு வியப்புத்தான்.

இதில் இரண்டாம் வகுப்புக் குளத்தின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. மூடிக் கிடக்கும் கட்டடத்துக்காகப் போராடுவது வேறு, திறந்திருக்கும் கட்டடத்துக்காகப் போராடுவது வேறு. மான்செஸ்டரின் விக்டோரியா கூடம் இதைவிட எத்தனையோ ஆடம்பரம்; 1993-இல் அதை முழுதாக மூடினார்கள். 2003-இல் எந்தப் பழைய கட்டடத்தை மீட்பது என்று பிபிசி நடத்திய தொலைக்காட்சிப் போட்டியில் அது நாட்டு மக்களின் வாக்கால் ஜெயித்து, கோடிக்கணக்கில் பணம் வந்தும், பழையபடி அன்றாடம் நீந்துகிற இடமாக அதைத் திருப்புவது பெரும்பாடாகவே இருந்துவருகிறது. மோஸ்லி சாலையில் அந்தச் சங்கிலி அறுபடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நீச்சல் கற்க வந்தார்கள். பெண்களுக்கு மட்டுமான நேரங்கள் இருந்தன. பர்தா அணியும் பெண்கள் நிறைந்த பகுதியில் அது சின்ன விஷயமில்லை. 1907-இல் பெண்களுக்கென்று தனி வாசல் வைத்த கட்டடத்தில், நூறு ஆண்டு கழித்துப் பெண்களே கேட்டு வாங்கும் தனி நேரம். காரணங்கள் வேறு வேறு. கதவு அதே கதவு. வாரா வாரம் வருகிற இந்த ஆட்கள்தான் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களும், வெறும் குளத்தில் இறங்கி நின்றவர்களும்.

ஸ்பார்க்ஹில் குளம் 2017-இல் திறந்தது. மோஸ்லி சாலை மூடவில்லை. 2018 ஏப்ரலில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் அமைத்த அறக்கட்டளை இரண்டாம் வகுப்புக் குளத்தை நடத்தும் பொறுப்பை நகராட்சியிடமிருந்து ஏற்றது. டிக்கெட் கொடுப்பது, உயிர்காப்பாளரை அமர்த்துவது, தண்ணீரின் குளோரின் அளவு பார்ப்பது வரை அவர்கள் கையில். கட்டடம் நகராட்சியுடையதுதான். பக்கத்துப் பாதியில் நூலகம் நூலகமாகவே நடந்துகொண்டிருந்தது. நூலகப் பக்கத்தைப் பற்றி இந்தக் கட்டுரையில் குறைவாக எழுத நேர்ந்ததற்குக் காரணம், அது தன் வேலையைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

2023 பர்மிங்காமுக்கு விசித்திரமான ஆண்டு. ஜனவரியில் மத்திய அரசின் வட்டார மேம்பாட்டு நிதியிலிருந்து குளியல் கூடத்துக்கும் நூலகத்துக்கும் சேர்த்து சுமார் 1.55 கோடி பவுன் ஒதுக்கீடு அறிவிப்பானது. செப்டம்பரில் பர்மிங்காம் நகராட்சி, வரவுக்குள் செலவைச் சமாளிக்க முடியவில்லை என்று சட்டப்படியான 114-ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. நடைமுறையில் அது திவாலுக்குச் சமம். எரிவாயு நிறுவனங்களை விலைக்கு வாங்கிய நகராட்சி, தன் கிளை நூலகங்களின் நேரத்தைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டிய நிலைக்கு வந்தது.

1891-இன் வாக்குறுதியில் நூலகத்துக்கு நான்கு ஆண்டும் குளியல் கூடத்துக்குப் பதினாறு ஆண்டும் ஆயிற்று. இந்த முறை இரண்டுக்கும் ஒரே கடிதத்தில் பணம் வந்திருக்கிறது. கூரை, குழாய், மாடம் என்று நீளும் வேலைப் பட்டியலில், 2003-இலிருந்து வறண்டு கிடக்கும் முதல் வகுப்புக் குளத்துக்குத் திரும்பத் தண்ணீர் விடுவதும் ஒன்று.